கொழுந்தோடு காய்ந்த பதிவேடு

அந்த ஹார்ட் டிஸ்க் என் மேசைக்கு வந்தபோது அதில் வாடிய தேயிலைக் கொழுந்தின் வாசனை இருந்தது. இரத்தினபுரியில், கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவல்களை மீட்டுக்கொடுக்கும் சின்னக் கடையொன்றில் அப்போது எனக்கு மூன்றாவது வருடம். கருகிய வாசனையோடு டிஸ்க் வரும், சேற்று வாசனையோடு வரும், ஒருமுறை சாம்பிராணி வாசனையோடுகூட வந்தது. கொழுந்து வாசனையோடு வந்தது அது ஒன்றுதான். வெள்ளைத் துணியில் சுற்றி, காயத்துக்குக் கட்டுப் போடும் நாடாவால் ஒட்டியிருந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தோட்டத்து டாக்டரையா.

கஹவத்தைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். உண்மையில் அவர் டாக்டர் இல்லை, தோட்டத்து மருந்தகத்தை நடத்திய மருத்துவ உதவியாளர். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டாலும், பிள்ளை பிறந்தாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். என் முழங்காலில் இருக்கும் நான்கு தையலும் அவர் போட்டவை. "அழுதா அஞ்சாவதும் போட்ருவேன்" என்று மிரட்டிக்கொண்டே போட்டார். அப்படிப்பட்டவர் கடைக்குள் வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நீங்கதான் பாத்துச் சொல்லணும் தம்பி" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். படித்ததற்குப் பலனாக அவர் வாயிலிருந்து ஒரு "நீங்க" வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

டிஸ்க்கில் இருந்தது தோட்டத்தின் பிறப்புப் பதிவேடு. அந்தக் காலத்தில் லயத்தில் பிறக்கும் பிள்ளைகளை மருந்தகத்துப் பெரிய புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு அரசாங்கக் கந்தோருக்குப் போய்ப் பதிய வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, தெரியாத மொழியில் பேசி, நிரப்பத் தெரியாத படிவத்தை நிரப்ப எத்தனை பேர் போவார்கள்? என் அம்மாவின் அப்பா போகவில்லை. அதனால் அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, அடையாள அட்டை இல்லை, ஒரு தேர்தலிலும் வாக்குப் போட்டதில்லை. என்னுடைய பிறப்புப் பத்திரத்தில் தாயின் பிறந்த திகதி என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருக்கும். அம்மா இந்த நாட்டில் பிறந்தவர் என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் புத்தகம். அதைக் கறையான் அரிக்கத் தொடங்கியபோது டாக்டரையா மாதக்கணக்காக உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து மருந்தகத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பிறகு, கறையான் மருந்து அலுமாரிக்கும் ஏறிவிடும் என்று பயந்து, புத்தகங்களைத் தன் கையாலேயே எரித்தார். அந்தப் பக்கத்தை வைத்துக் காலம் கடந்தும் பதியக் கந்தோரில் வழி இருக்கிறது என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அடுத்த லீவில் போய் அம்மாவின் பக்கத்தை வாங்கலாம் என்று இருந்த வருடத்தில்தான் ஆறு பெருகி மருந்தகத்துக்குள் வந்தது. கம்ப்யூட்டர் ஒரு பகல் முழுக்கச் சேற்றுத் தண்ணீருக்குள் கிடந்தது.

அதற்குப் பிறகு தான் செய்ததை அவர் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். "ரெண்டு நாளு வச்சேன் தம்பி. டீமேக்கர்கிட்ட சொல்லி, பெக்டரி மாடியில, கொழுந்து வாட்டுற எடத்துல. சூடு கூடிறப் போவுதுன்னு நானே போயிப் போயி கைய வச்சுப் பாத்தேன். இப்ப ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஆட்டிப் பாருங்க."

ஈரமான ஒன்றைப் பக்குவமாகக் காய வைப்பது எப்படி என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவசரப்படாமல், மிதமான காற்றில், தொட்டுத் தொட்டுப் பார்த்து வாட்டும் அந்தக் கைப்பழக்கத்தை அவர் டிஸ்க்குக்கும் காட்டியிருந்தார். அதுதான் பிழை. நனைந்த டிஸ்க்கை ஈரத்தோடேயே ஒரு பையில் அடைத்துக் கொண்டுவந்திருந்தால் சேற்றைக் கழுவி எடுத்திருக்கலாம். காய்ந்துவிட்டால், உள்ளே கண்ணாடி போல் இருக்கும் தட்டில் சேறு இறுகி ஒட்டிக்கொள்ளும். எழுத்தை வாசிக்கும் ஹெட் அந்தத் தட்டுக்கு மேலே, ஒரு மயிரிழைகூட நுழைய முடியாத இடைவெளியில் மிதந்து ஓடுவது. அதற்கு ஒரு துகள் சேறு என்பது, மலை ரோட்டில் உருண்டு வந்து கிடக்கும் பாறை மாதிரி. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் சுற்றிக்கொண்டுவந்த துணியைக் கவனமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

எங்கள் கடை முதலாளி சிங்களவர். தூசி புகாத பெட்டிக்குள் வைத்து டிஸ்க்கைத் திறந்து பார்த்துவிட்டு, "பே மல்லி" என்றார். முடியாது தம்பி என்று அர்த்தம். இதற்குள்தான் எங்கள் அம்மா இருக்கிறார் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் பெட்டியை மூடிவைத்தார். பிறகு, அதே மாதிரியான இன்னொரு டிஸ்க் கிடைக்குமா என்று கொழும்புக்குப் போன் எடுக்கத் தொடங்கினார்.

மூன்று வாரம் போனது. தட்டுகளைக் கழுவி, கொழும்பிலிருந்து வந்த டிஸ்க்கின் ஹெட்டைக் கழற்றி இதற்குள் பொருத்தினேன். கோப்புகளின் பட்டியல் திரையில் வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் வருடத்தையும் மாதத்தையும் பெயராக வைத்திருந்தார். பட்டியல் வந்துவிட்டதே தவிர, கழுவியும் போகாத கீறல்கள் தட்டில் இருந்தன. வாசிக்க வாசிக்க ஹெட் தேயும், எந்த நேரத்திலும் நின்றுவிடும். எதை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டாக்டரையாவை வரச் சொன்னேன்.

"எத்தன பக்கம் வரும் தம்பி?"

"சொல்ல முடியாதுங்க ஐயா. ரெண்டும் வரலாம், எரநூறும் வரலாம்."

அவர் ஒரு கடதாசி கேட்டு வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்திரம் ஏற்கனவே கிடைத்தவர்களை விட்டார், இறந்தவர்களை விட்டார், இந்தியாவுக்குப் போனவர்களை விட்டார். ஒரு புத்தகமும் கையில் இல்லாமல், லயம் லயமாக மனதுக்குள் நடந்துபோய், கடைசியில் பத்தொன்பது பெயர்களை எழுதினார். பிறகு வரிசை போட்டார். எழுதும்போது வாய்க்குள் பேசிக்கொண்டிருந்தார். "ரப்பர் மலையில பால் வெட்டுறவன். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, இவன் கடதாசி இல்லாம அதுக காரியமும் நிக்குது. இவன் ஒண்ணு." கீழ் லயத்தில் காது கேளாத ஒரு அக்கா இருந்தாள். "இவளுக்காக வாயத் தொறக்க ஒரு ஆளு இல்ல. ஏழு." என் அம்மாவின் பெயர் பன்னிரண்டாவதாக இருந்தது.

"ஐயா, அம்மாவக் கொஞ்சம் மேல போட்டா..."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்கம்மாவுக்கு நீ இருக்கடா. நீ கந்தோருக்கு நடப்ப, சிங்களத்துல எழுதுவ, சண்ட போடுவ. மத்தவங்களுக்கு இத விட்டா என்ன இருக்கு?"

அன்றைக்குத்தான் என்னைத் திரும்பவும் "நீ" என்றார். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை.

முதல் பக்கம் முழுதாக வந்தது. சாய்ந்த எழுத்து, நீல மை, ஓரத்தில் கறையான் தின்ற வளைவு. ஐந்தாவது பக்கத்திலேயே டிஸ்க் டிக் டிக் என்று தட்டத் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இனி அதிக நேரம் இல்லை. ஆறாவது பக்கமும் வந்தது. ஐயா திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் எதைத் திறக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் அவர் எழுதியிருந்த வருடத்தையும் மாதத்தையும் பட்டியலில் தேடி, அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு அழுத்து போதும். அடுத்ததாக வர வேண்டியது அந்தக் காது கேளாத அக்கா. நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, மழை நாளில் என்னைத் தன் தலையில் போர்த்தியிருந்த கொங்காணிச் சாக்குக்குள் இழுத்து மூடிக்கொண்டு ஓடையைக் கடத்திவிட்டவள். நான் நல்லவன் என்பதால் இல்லை, அந்த நேரம் பார்த்து அவள் முகம் வந்துவிட்டதால், ஏழாவதைத் திறந்தேன். எட்டும் வந்தது. ஒன்பதாவது பக்கம் மேல்பாதி எழுத்தாகவும் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் வந்து நின்றது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

ஐயா கடதாசியில் எட்டுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். "நான் காயப் போட்டது சரிதானே தம்பி?" என்று கேட்டார்.

"சரிதாங்க ஐயா. வெள்ளத்துலயே கெட்டுப் போச்சு" என்றேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அடப் போடா. நாப்பத்தெட்டு வருசம் பொறக்காமயே ஒங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நாளு பொறக்காம இருந்தா என்னா கொறஞ்சு போச்சு?" அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டே, "செவிட்டக்காவுக்கு வந்துருச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். "அது போதும்" என்றார்.

ஐயா சொன்னதுபோலவே நான் கந்தோருக்கு நடந்தேன். எட்டுப் பேருக்கு அந்தப் பக்கங்களை வைத்து வேலை நடந்தது. மிச்சமிருந்தவர்களுக்கு எழுத்தில் எதுவும் இல்லை என்று பலமுறை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு அதிகாரி, பிறப்பின்போது கூட இருந்தவர் சத்தியக் கடதாசி கொடுத்தால் பார்க்கலாம், ஆனால் பதிவேடு ஏன் இல்லை என்பதையும் அதில் எழுத வேண்டும் என்றார். அம்மா பிறந்தது டாக்டரையா வேலைக்கு வந்த முதல் வருடம்; பிரசவத்தின்போது கூட இருந்தவர் அவர்தான். அம்மாவுக்கு ஒன்று எழுதி அது சரிவந்தால், மற்றவர்களுக்கும் அதே மாதிரி எழுதலாம். ஐயா, தானே எழுதிக்கொண்டு வருவதாகவும், நான் டைப் செய்து கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்.

அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்திருந்தது. வெயிலில் வைத்த டிஸ்க், அரிசி மூட்டைக்குள் புதைத்த டிஸ்க், ரப்பர் புகைக்கூடத்தில் தொங்கவிட்ட டிஸ்க் என்று கடைக்கு வரிசையாக வந்தன. முதலாளி சிங்களத்தில் ஓர் அறிவித்தல் எழுதி ஒட்டச் சொன்னார். தமிழை அதன் கீழே நான் எழுதினேன். 'நனைந்த ஹார்ட் டிஸ்க்கைக் காய வைக்க வேண்டாம். காய வைத்தால் மீட்க முடியாமல் போகும். ஈரத்தோடு பையில் கட்டிக் கொண்டு வரவும்.' எழுதும்போது எனக்கு வாடிக்கையாளர்கள்தான் நினைவில் இருந்தார்கள்.

ஐயா வந்த அன்று மழை விட்டிருந்தது. குடையை மடக்கிக் கதவோரம் வைத்துவிட்டு நிமிர்ந்தவர், அந்த அறிவித்தலுக்கு முன்னால் நின்றுவிட்டார். சின்ன அறிவித்தல்தான். அவர் அதை வாசித்து முடிக்க நெடுநேரம் எடுத்தார். பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்து விரித்தார். அதில், பதிவேட்டின் பிரதி வெள்ளத்தால் அழிந்தது என்று எழுதியிருந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இத மாத்தணும். நான் காய வச்சதால அழிஞ்சுதுன்னு போடு."

"ஐயா, வெள்ளம்னு இருந்தாலே போதுங்க. அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"ஒங்கம்மா பொறந்ததுக்கு நான் சத்தியம் பண்ற கடதாசி தம்பி. அதுல ஒரு வரி பொய்யா இருந்தா, மத்த வரிய எவன் நம்புவான்?"

என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் மறைத்தாய் என்று கேட்டிருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன். புத்தகங்களை எரித்ததும் நான், பிரதியைக் காய வைத்துக் கெடுத்ததும் நான் என்று அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். வாசித்துப் பார்த்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி, பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். குடையை எடுத்தவர் அறிவித்தலை இன்னொரு முறை பார்த்தார்.

"எழுத்து சின்னதா இருக்கு. தோட்டத்து ஆளுங்க உள்ள வர்றதுக்கு யோசிப்பாங்க. வெளியில நின்னே வாசிக்கிற மாதிரி பெருசா எழுதிப் போடு."

அந்தக் கடதாசியில் அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரம் கிடைத்தது. அம்மாவுக்குப் பிறகு இன்னும் ஆறு பேருக்குக் கிடைத்தது. டாக்டரையா இப்போது இல்லை. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்காமலே விட்டுவிட்டேன். எங்கள் கடை வாசலில் மூன்று அடிப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் தமிழ்தான் மேலே. கஹவத்தை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே வாசிக்கலாம்.