சுவரில் சாத்திய சைக்கிள்

எங்கள் அண்ணன் இறைவனிடம் சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. காலைத் திருப்பலிக்கும் கல்லறை மந்திரிப்புக்கும் வந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் இறந்துபோனவர் ஒரு குறையும் இல்லாதவராகவே இருப்பார். அண்ணனை அப்படி எழுதினால் அவரே சிரிப்பார். அதோடு, பத்து வருடம் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணன் பிறந்தது வில்பட்டியில். அவருக்கு ஒன்பது வயதும் எனக்கு நான்கு வயதும் ஆனபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கோடைக்கானல் வந்து, ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் கடை போட்டார். அப்பா சாதுவான மனிதர். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவருக்குக் கோபம் வரும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தாமல் சுவரிலோ மரத்திலோ சாத்தி வைத்தால் பொறுக்கமாட்டார். ஹேண்டில்பார் கோணிவிடும், பெயிண்ட் உரிந்துவிடும் என்பார். வாடகைக்கு எடுக்கும் சுற்றுலாக்காரர்களைத் திட்ட முடியாது. அவர்களுக்குச் சேர வேண்டிய திட்டையும் அண்ணன்தான் வாங்கிக்கொள்வார். அண்ணனுக்கு எதிலும் அவசரம். சோற்றுக்கு வீட்டுக்கு வந்தால் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே பாய்வார். "ஏலே, ஸ்டாண்டப் போடுலே!" என்று அப்பா கத்தாத நாள் எங்கள் வீட்டில் கிடையாது.

எட்டாம் வகுப்போடு அண்ணன் படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார்ந்தார். படிப்பு ஏறவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னைப் படிக்கவைத்துத் தையல் ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்புவதற்காகத்தான் நின்றார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் அப்பாவுக்குத் தொண்டையில் புற்று வந்தது. மதுரையில் பார்த்துவிட்டு, "இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊரின் ஓரத்தில், நோய் முற்றிக் கைவிடப்பட்டவர்களுக்காகக் கன்னியாஸ்திரீகள் சிலர் ஓர் இல்லம் நடத்தி வந்தார்கள். அங்கே சேர்த்தோம். எட்டுக் கட்டில்கள்தான் இருந்தன. மற்றவர்களுக்கு அந்தக் குளிரில் தரையில் பாய். வலிக்குப் போடும் ஊசி மருந்து மதுரையிலிருந்து வர வேண்டும். சில வாரம் வராது. அந்த நாட்களில் அப்பா சத்தம் போடவும் முடியாமல் நெளிவார். அண்ணன் அவர் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வெளியே யூகலிப்டஸ் மரத்தடிக்குப் போய்விடுவார். "என்னால ஒண்ணும் செய்ய முடியலயே பிள்ள" என்பார். என்னாலும் முடியவில்லை.

அப்போதுதான் அண்ணனின் மூன்று நண்பர்களும் அந்த யோசனையைச் சொன்னார்கள். வில்பட்டியில் கேரட் போடும் முத்தையா அண்ணன், தபால்காரர் செல்வம் அண்ணன், ரொட்டிக்கடை அந்தோணி அண்ணன். நால்வரும் கன்னியாகுமரி வரை சைக்கிள் மிதித்துப் போய்த் திரும்புவது, வழியெல்லாம் இல்லத்துக்காகக் கட்டிலும் கம்பளியும் மருந்தும் வாங்கப் பணம் திரட்டுவது. மலைக்காரர்கள் சமவெளியில் சைக்கிள் மிதித்ததே இல்லை. ஊரே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "போயிட்டு வாலே. இங்கன ஒக்காந்து என்ன செய்யப் போற" என்றார். மலை இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்துவிடும் என்று முத்தையா அண்ணன் ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டிவிட்டார். அது ரோட்டில் உரசி இழுக்க, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நால்வரும் இறங்கிப் போனார்கள்.

"அப்பன் சாகக் கெடக்கான், மகன் சைக்கிள் ஓட்டிக்கிட்டுத் திரியுறான்" என்று அன்று பேசிய உறவினர்களில் சிலர் இதையும் படிப்பீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். வருத்தம் இருக்கிறது.

தங்குகிற ஊரிலிருந்தெல்லாம் அண்ணன் கார்டு போட்டார். நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன். திருநெல்வேலிக் கார்டுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்கோ நாளுக்கு நாள் முடியாமல் போனது. "ஆத்தா, அண்ணன் எங்கன வந்திருக்கான்?" என்று மணிக்கொரு தரம் கேட்டார். மதுரையில் அவர்கள் தங்குவதாகச் சொல்லியிருந்த கோயிலுக்குத் தந்தி கொடுத்தேன். அவர்கள் மதுரைக்குள் போகாமல் உசிலம்பட்டி வழியாகத் திரும்பிவிட்டார்கள்; தந்தி யார் கையிலும் சேரவில்லை. வேறு வழி தெரியாமல் நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். வத்தலகுண்டு வந்துவிட்டார்கள் என்றேன். மலைப்பாதையில் ஊத்து வரை ஏறிவிட்டார்கள் என்றேன். பெருமாள்மலை என்றேன். கடைசி நாள் உச்சிப் பொழுதில் அப்பாவின் மூச்சு இழுத்தது. கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்:

"அப்பா, அண்ணே வந்துருச்சுப்பா. சைக்கிளச் செவுத்துல சாத்திட்டு வந்துக்கிட்டிருக்கு."

அப்பாவின் உதடு அசைந்தது. "ஸ்டாண்டப் போடச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் பேசவில்லை.

அண்ணன் மறுநாள் காலையில்தான் வந்தார். அப்பாவைப் பெட்டியில் வைத்திருந்தோம். பிற்பாடு அந்தோணி அண்ணன் சொல்லித்தான் தெரியும்: அப்பா இறப்பதற்கு முந்தின நாள் மாலை வத்தலகுண்டில், மேலே திரும்பிக்கொண்டிருந்த ஒரு காய்கறி லாரிக்காரர், "ஏறுங்கப்பா, சைக்கிளையும் தூக்கிப் போடுங்க" என்று கூப்பிட்டாராம். மிதித்து வருகிறோம் என்று சொல்லி வாங்கிய பணம், லாரியில் ஏறினால் ஊரை ஏமாற்றுவதாகும் என்று அண்ணன் மறுத்துவிட்டார். மற்ற மூவரும் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஏறியிருந்தால் அன்று இரவே வந்திருப்பார். மலை முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

இல்லத்துக்குக் கட்டில்கள் வந்தன, கம்பளி வந்தது. அண்ணன் அதைப் பற்றி யாரும் பாராட்டவிடமாட்டார். "எங்கப்பன் வாசலப் பாத்துக்கிட்டே போயிட்டாரு" என்று மட்டும் சொல்வார். திருமணம் ஆனபிறகும், அண்ணி எவ்வளவு தேற்றியும் அது மாறவில்லை. ஒன்று கவனித்தேன். அப்பா போனபிறகு அண்ணன் ஒரு நாளும் சைக்கிளைச் சாத்தி வைத்ததில்லை. திட்ட ஆளில்லாத வீட்டிலும் அவர் ஸ்டாண்டு போடும் சத்தம் தவறாமல் கேட்கும். அப்பாவின் கடைசி வார்த்தையை நான் அவரிடம் சொல்லவில்லை. சாகப்போகிறவரிடம் பொய் சொன்னவள் என்று நினைப்பாரோ என்ற பயம். கடைசியில் ஒன்றும் பேசவில்லை, வாசலைப் பார்த்தபடியே போய்விட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு அதே இல்லத்தில் அண்ணனைச் சேர்த்தோம். ஈரல். அதே பதில், அதே மதுரையிலிருந்து. நண்பர்கள் மூவரும் தினமும் வந்தார்கள். வந்து என்ன செய்ய? இல்லத்தின் சக்கர நாற்காலிகளுக்கு எண்ணெய் போட்டார்கள். ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைக் கழற்றி மாட்டினார்கள். சகோதரிகளின் சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். சக்கரம் உள்ளதெல்லாம் சரியானபின், அண்ணனைச் சுற்றி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கே பொறுக்கவில்லை.

"ஏலே, என் மூஞ்சிய என்னத்தடா பாத்துக்கிட்டு? இங்கன வெந்நிக்கு ஒரு பாய்லர் இல்ல. போங்க, பழையபடி மிதிச்சுக் காசு சேத்துட்டு வாங்க. ஒண்ணு மட்டும். வரும்போது லாரி கெடச்சா ஏறிருங்க. வெரசா வந்துருங்க."

ஐம்பதை நெருங்கும் மனிதர்கள் அழுதுகொண்டே போனார்கள்.

அண்ணன் இறந்த அன்று காலை, "எங்கன வர்றாய்ங்க?" என்று என்னைக் கேட்டார்.

"பெருமாள்மலை தாண்டிட்டாங்களாம்ணே. பஸ் டிரைவர் சொன்னாரு."

"மண்ணு சரிஞ்சு நேத்திருந்து பஸ்ஸே வரலயே பிள்ள. சிஸ்டர் இப்பத்தான பேசிக்கிட்டுப் போனாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"அப்பாட்டயும் இப்பிடித்தான் சொன்னியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஊத்து, பெருமாள்மலை, சுவரில் சாத்திய சைக்கிள், ஸ்டாண்டு. சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணை மூடியிருந்தார். பிறகு கேட்டார்.

"ஸ்டாண்டப் போடச் சொன்னாரா? என்னைய வஞ்சாரா?"

"ஆமாண்ணே."

"அப்ப நம்பிட்டாரு பிள்ள. நான் வந்துட்டேன்னு நம்புனாத்தான வைவாரு."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

பத்து வருடம் அவர் சுமந்ததை ஒரு வாக்கியத்தில் இறக்கியிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அண்ணன் அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் பணிவிடை செய்த இல்லத்துச் சகோதரிகளுக்கும், நோயில்பூசுதல் கொடுத்துக் கடைசிவரை உடனிருந்து ஜெபித்த பங்குத்தந்தைக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட எங்கள் அண்ணிக்கும், பெட்டி சுமந்த வில்பட்டி உறவினர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி.

முத்தையா, செல்வம், அந்தோணி அண்ணன்மாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அண்ணன் சொன்னபடியே அவர்கள் லாரியில்தான் ஏறியிருந்தார்கள். டம் டம் பாறைக்கு மேலே மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. சைக்கிள்களைச் சேற்றுக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மழையில் மலை முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இல்லத்தின் கேட்டுக்கு வந்தபோது மணி நான்கரை. சைக்கிள்களைச் சுவரில் சாத்திவிட்டு மூவரும் உள்ளே ஓடிவரப் பார்த்தார்கள். நான் வாசலுக்குப் போனேன். அண்ணன் இல்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

"ஸ்டாண்டப் போட்டுட்டு வாங்கண்ணே. இனிமே ஒண்ணும் அவசரமில்ல."

அன்புத் தங்கை
கோடைக்கானல்