மோர் அடைத்த வடிகட்டி

மாதாவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒருவர், ஒரு சொம்புத் தண்ணீரை நம்ப ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்? கடலூரில் நர்ஸாக இருந்த பிரிசில்லாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும்.

2008 ஆகஸ்டில் நாங்கள் பன்னிரண்டு பேர் வேளாங்கண்ணிக்கு நடந்தோம். அவருடைய கணவர் சூசைநாதன் மஞ்சள் காமாலையிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார். ஆனாலும் வேண்டுதலை விடமாட்டேன் என்றார். அதனால் பிரிசில்லா கைப்பம்பு போல அடிக்கிற சின்னத் தண்ணீர் வடிகட்டி ஒன்றோடு கிளம்பினார். வழியில் தண்ணீர்ப் பந்தல்களில் யார் தண்ணீர் கொடுத்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். பிறகு பந்தலுக்குப் பின்னால் போய் வடிகட்டித்தான் கணவருக்குத் தருவார்.

"அண்ணி, ஒங்க தண்ணி வடியறதுக்குள்ள திருவிழா கொடிய எறக்கிடுவாங்க," என்றான் கொழுந்தன் செம்பியன்.

புதுச்சத்திரத்தில் அவனே உதவ வந்தான். பந்தலில் கொடுத்த நீர்மோரில் குழாயை விட்டு அடித்தான். வடிகட்டி அடைத்துக்கொண்டது.

"மோரும் தண்ணிதான அண்ணி?"

"பேசாத செம்பியா. ஒங்கண்ணன் மறுபடி படுத்தா நீயா பாப்ப?"

சிதம்பரம் வரை கணவரை இளநீரிலேயே ஓட்டினார். அங்கே இரண்டு மணி நேரம் கழுவிய பிறகு வடிகட்டியில் நூல்போல் தண்ணீர் வந்தது.

கொள்ளிடக் கரையில் ஒரு பாட்டில் நிரம்ப அரை மணி நேரம் ஆனது. சூசைநாதன் பாதி குடித்துவிட்டு மீதியை மனைவியிடம் நீட்டினார். பிரிசில்லா வாங்கவில்லை. அதை அவருக்கே மூடி வைத்துவிட்டு ஆற்றில் இறங்கி, இரண்டு கையாலும் கலங்கல் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.