ஒற்றக்கா கேட்ட சந்தேகம்

ஒரு 'க்' விட்டுப்போனால் உலகமே கவிழ்ந்துவிடும் என்று வெளியுறவுத் துறையில் நம்பிய ஒரே ஆள் ஒற்றக்காதான். அரசு அறிக்கைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது அவள் வேலை. விட்டுப்போன ஒற்றெழுத்துகளை இருபத்தாறு வருடமாகச் சிவப்பு மையால் பிடித்துப் பிடித்துப் போட்டதில், மந்திரி வரைக்கும் அவள் பெயர் ஒற்றக்கா என்றே ஆகிவிட்டது. கேன்டீனில் கேலி செய்வார்கள். கேலியில் பிழை இருந்தால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

அன்று மதியம் வந்த தாளைப் படித்ததும் அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வெளிநாட்டில் செய்தி சேகரிக்கப் போன நம் பெண் நிருபரை அந்த நாட்டுக் காவலர்களே நடுத்தெருவில் கம்பால் அடித்துக் கைதும் செய்திருந்தார்கள். ஊரே வீடியோவில் பார்த்தாயிற்று. தாளில் இருந்ததோ, 'நேர்ந்த சம்பவத்தில் நிருபர் பாதிக்கப்பட்டார்.' ஒற்றெல்லாம் சரி, உண்மைதான் விட்டுப்போயிருந்தது.

வரவேற்பறையில் நிருபரின் கணவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். "கீழ விழுந்து அடிபட்டதா ஆஸ்பத்திரி சீட்டுல எழுதிட்டாங்கக்கா. நம்ம நேரம் அஞ்சு மணிக்கு ஜெயிலுக்கு மாத்தப்போறாங்களாம். நம்ம ஆளு ஒருத்தர் போய்ப் பக்கத்துல நின்னா போதும்."

துறையின் விதிப்புத்தகத்தை மூன்று பதிப்புக்கு மெய்ப்புப் பார்த்தவள் ஒற்றக்கா. குடிமக்கள் பாதிக்கப்பட்டால் ஒரு கடிதம் போதும். தாக்கப்பட்டால் தூதர் அன்றே நேரில் போக வேண்டும். சொல்லை மாற்ற அவளுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஓரத்தில் சந்தேகம் கேட்கலாம். அது தீரும்வரை கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். அவள் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாளும் வாசல் தாண்டாது. சிவப்பு மையில் எழுதினாள்: 'எதனால்?'

துணைச் செயலாளர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது? உங்க வேலை ஒற்று பாக்கறது!"

"சந்தேகம்தான் சார். எதனால பாதிக்கப்பட்டாங்க? மழையாலயா, ஜலதோஷத்தாலயா?"

"தாக்கினாங்கன்னு எழுதினா அந்த நாட்டு உறவு கெட்டுடும்."

"அவங்க கம்பை எடுத்தப்பவே கெட்டுப்போச்சே சார். இன்னிக்கு நாம வாயை மூடிக்கிட்டா, நாளைக்கு நம்ம பாஸ்போர்ட் வெச்சிருக்கற யாரை வேணா அடிக்கலாம்னு ஆயிடும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தாளைப் பிடுங்கி மேல்மாடிக்குப் போனார். மணி மூன்றரை ஆனது. நான்கும் ஆனது. ஒற்றக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தாள், அதைவிட மணி ஐந்தாகிவிடுமோ என்று பயந்தாள்.

நாலேகாலுக்கு அவர் லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "செயலாளரும் அதையேதாம்மா கேட்டார், எதனாலன்னு! கம்பாலன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு!"

தாளில் கையாலேயே திருத்தியிருந்தார்கள்: தாக்கப்பட்டார். அடித்தவர்கள் மேல் நடவடிக்கை வேண்டும், நிருபரை உடனே ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று இரண்டு வரிகளும், கடைசியில் ஒரு கண்டனமும் புதிதாகச் சேர்ந்திருந்தன. ஒற்றக்கா ஓட்டமாகப் படித்து, ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒற்றக்கா வரவேற்பறைக்கு வந்து நின்ற நேரத்தில், கணவரின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, நம்ம தூதரே வந்துட்டாருங்க! கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துட்டார். என்னைக் கூட்டிட்டுப் போகாம எழுந்திருக்க மாட்டாராம்!"

வரவேற்பறையே கைதட்டியது. கணவர் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். சந்தோஷம் தாங்காமல் ஒற்றக்கா, அச்சாகி வந்த அறிக்கையை இன்னொருமுறை படித்தாள். கடைசி வரியில் திக்கென்றது. 'இந்தத் தாக்குதலை கண்டிக்கிறோம்.'

"என்னக்கா, ஏதாவது தப்பா?" என்று பதறினார் கணவர்.

"ஒரு 'க்' விட்டுப்போச்சுப்பா" என்றவள், சிவப்புப் பேனாவை மூடிப் பையில் போட்டாள். "போகட்டும். அடிச்சவங்களுக்கு அர்த்தம் புரிஞ்சிருக்கும்."