பார்படோஸ் அம்மாவுக்குக் கிண்டிய களி

கோத்தகிரிக்குக் கீழே ஓர் எஸ்டேட் பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் சமையல் வேலை பார்த்தேன். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் சூப், கட்லெட், நாலு மணிக்கு டீ, கேக். அதில் எனக்குப் பயம் கிடையாது. என்னைத் திணறடித்தவர் ஒருவர்தான்.

மார்சியா அம்மா லண்டனில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு தனியாக ஊர் சுற்ற வந்திருந்தார். பிறந்தது பார்படோஸ் தீவில். கரும்புத் தோட்டத்துக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் வம்சம்.

"எங்க தீவைக் குட்டி இங்கிலாந்துன்னு சொல்லுவாங்க. கிரிக்கெட், ஞாயித்துக்கிழமை தொப்பி போட்டுக்கிட்டு சர்ச், சாயங்கால டீ, எல்லாம் உண்டு" என்றார். எனக்குத் தெரிந்த பங்களா இங்கிலீஷில் புரிந்துகொண்டேன். ஆனால் வந்த மூன்று நாளும் சாப்பாட்டைக் கொறித்ததோடு சரி.

மேனேஜர் கிச்சனுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க செல்வியக்கா, அந்தம்மா ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறாங்க. என்ன வேணும்னு கேளுங்க."

கேட்டேன். "கூ-கூ" என்றார். மக்காச்சோள மாவில் வெண்டைக்காய் போட்டுக் கிண்டி, மீன் குழம்போடு சாப்பிடுவதாம். களிதானே என்று துணிந்துவிட்டேன். கொழகொழப்புப் போக வெண்டைக்காயை நன்றாக வதக்கிப் போட்டேன். ஒரு வாய் வைத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது இல்ல. எங்கம்மா கைப்பக்குவம் வேற. இப்ப என் தங்கச்சிக்குத்தான் தெரியும்."

"அவங்ககிட்டயே கேளுங்களேன் மேடம்."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அம்மாவின் சாவுக்கு இவர் போகவில்லையாம். அன்றிலிருந்து தங்கை பேசுவதில்லை, ஒன்பது வருஷம். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் என் கதையைச் சொன்னேன். நாங்கள் இலங்கையிலிருந்து வந்தபோது அண்ணன் மட்டும் பதுளைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டான். அவன் கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அதைக் கேட்டபிறகுதான் நம்பரை அழுத்தினார். திரையில் அதே ஜாடையில் ஒரு முகம். மார்சியா அம்மாதான் முதலில், "வெண்டைக்காயை என்ன பண்ணணும்?" என்றார்.

நான் வதக்கிப் போட்டதைச் சொன்னதும் தங்கை சிரித்துவிட்டார். "வதக்கிட்டீங்களா! அதை வேகவெச்ச கொழகொழத் தண்ணியிலதானே மாவைக் கிண்டணும்!"

நான் மறுபடி கிண்டி முடிக்கும்வரை தங்கை போனை வைக்கவில்லை. அக்காவும் தங்கையும் மாறி மாறி அழுதார்கள். மார்சியா அம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அந்த வாரமே கிளம்பினார், லண்டனுக்கு இல்லை, பார்படோஸுக்கு.

அண்ணன் இடிக்கும் தேங்காய்ச் சம்பலின் பக்குவம் எனக்கு இன்றுவரை வரவில்லை. கேட்க ஆளில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தெரியாத பதார்த்தத்தைத் தெரிந்ததுபோலச் செய்யாதீர்கள். தெரிந்தவரிடம் கேளுங்கள், அவர் இருக்கும்போதே.