கை நடுங்கிய இரண்டு நாள்

எனக்கு நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது என்று இரண்டு நாள் முழுசாக நம்பினேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சொன்னது.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன் நான். சென்னையில் இருக்கும் ஓர் அம்மாள் மகள் கல்யாணத்துக்கு எங்களிடம் புடவை சொல்லியிருந்தார். அது தறியில் ஓடும்போது வீடியோ எடுத்து அனுப்பினால் மண்டபத்தில் போட்டுக் காட்டலாம் என்றார். விடுவேனா? தலைக்கு டை அடித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தறிக்கு எதிரே முக்காலி வைத்து, அதன்மேல் அரிசி டப்பா, டப்பாமேல் போன். போன் செட்டிங்கில் இருந்ததிலேயே பெரிய குவாலிட்டியைத் தேர்ந்தெடுத்தேன். கல்யாணப் புடவையாயிற்றே.

வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மகள் காலேஜ் படித்தபோது வாங்கியது; அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. எடிட்டிங் சாஃப்ட்வேர் என் மச்சான் போட்டுக் கொடுத்தது. படத்தை நீளமாக விரித்து வைத்து வெட்டுகிற டைம்லைனில் இழுத்து வைத்து ஓடவிட்டேன். திரையில் என் கை, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை எடுத்தது. நின்றது. வெடுக்கென்று இழுத்தது. அடுத்த கணம் மறுபக்கம் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று அதற்கே தெரியாத மாதிரி. திரும்பவும் ஓட்டினேன். திரும்பவும் வெடுக். நரம்புத் தளர்ச்சிதான்.

கம்ப்யூட்டர்தான் மெதுவாக ஓடியது. என் புத்தி நல்ல வேகம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் தறியைப் பிரித்து விற்றுவிட்டேன், காக்கிச் சட்டை போட்டு ஒரு புடவைக் கடை வாசலில் செக்யூரிட்டியாக நின்று, நேற்றுவரை என்னிடம் புடவை வாங்கியவர்களுக்குக் கதவு திறந்துவிட்டேன். எல்லாம் மனசுக்குள்தான். தொப்பிகூடக் கொஞ்சம் பெரிசு.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தேன். தண்ணீர் ஆடியது. அந்த நேரத்தில் என் முழு உடம்புமே ஆடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, தண்ணிய புட்ச்சிக்கினு யாருக்குச் சத்தியம் பண்றீங்க?"

"ஒண்ணுல்லம்மா, வெயிட்டு பாக்குறேன்."

"தண்ணிக்கா, டம்ளருக்கா?"

மடமடவென்று குடித்துவிட்டேன்.

மறுநாள் எனக்கு ஒரு திருட்டு யோசனை. கை நிற்கிற இடங்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டால் அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்து வெட்டினேன். ஓர் இடத்தை வெட்டினால் மறுபடி ஓட்டும்போது இன்னோர் இடத்தில் நின்றது. நோய் என்னைவிட உஷார். சாயங்காலத்துக்குள் டைம்லைன் எலி கடித்த துணி மாதிரி துண்டு துண்டாகக் கிடந்தது. மௌஸைத் தள்ளி வைத்தேன். வீடியோவை மறைக்கலாம். கை போய்விட்டால், நெய்வதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

மனைவியிடம் சொல்லிவிட்டேன். அழுவாள், தேற்றலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராகத் தறிக்குப் போய், நெய்தவரை இருந்த புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள்.

"கை நடுங்குனா இதுல கோடு வுழாதா? எங்க கோடு? காட்டுங்க."

கோடு இல்லை. முப்பது வருஷமாகத் தறியில் உட்காருகிறவன், என் கை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் துணியைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கஷ்டப்பட்டுச் சேர்த்த நோயை உடனே விட மனசு வரவில்லை. "துணியில தெரியறதுக்கு நாளாவும்" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

"சரி, அந்தப் படத்தப் போடுங்க."

போட்டேன். கை வெடுக் வெடுக்கென்றது. நான் சோகமாகத் தலையாட்டினேன். கடைசிப் பகுதியில் எங்கள் வீட்டுப் பூனை வாசல் பக்கமிருந்து வந்தது. பட்டு நூலை எலி கடிக்காமல் இருக்க வைத்திருக்கிற பூனை. ஒரு காலைத் தூக்கியது. அப்படியே நின்றது. அடுத்த கணம் தறிக்கடியில் இருந்தது.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, பூனைக்குமா நரம்புத் தளர்ச்சி?"

போனை எடுத்து அதே வீடியோவை அதிலேயே ஓட்டிக் காட்டினாள். என் கை தண்ணீர் மாதிரி போய் வந்தது. பூனை மேஸ்திரி மாதிரி நிதானமாக நடந்து போனது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணிலும் கொஞ்சம் வந்தது. தலை டை எரிச்சல் என்று சொல்லிவைத்தேன்.

ஏனாத்தூர்ப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிற மச்சானுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்து முடிக்கவே நேரமானது.

"மாமா, சவுண்டு நிக்காம ஓடுச்சா?"

"ஓடுச்சுபா."

"தறி சத்தம் ஒழுங்கா கேக்குது, கை மட்டும் நிக்குதுன்னா அப்பவே புரிய வேணாமா? நீ எடுத்தது ஃபோர்-கே, ரொம்பப் பெரிய படம். உன் பெட்டி அத இழுக்க முடியாம நடுநடுல படத்த வுட்டுட்டு ஓடுது. நீ ஓட்டிப் பாக்குற பிரிவியூ குவாலிட்டிய மட்டும் கால்வாசியா கொற. அப்புறம் ப்ராக்ஸின்னு ஒண்ணு இருக்குது, அதப் போடு. சின்ன சைஸ்ல ஒரு நகல் பண்ணிக்கும். நீ வெட்றது ஒட்றதெல்லாம் நகல்ல. கடைசில வீடியோவ வெளிய எடுக்கும்போது ஒரிஜினல்லேர்ந்துதான் எடுக்கும்."

"கொறச்சா ஜரிகை மங்கிப் போவாதா?"

"நீ பாக்குறதுக்குத்தான் மங்கும் மாமா. அந்தம்மாவுக்கு இல்ல."

கட்டம் போட்ட காகிதத்தில் சின்னதாக டிசைன் வரைந்து, பிறகு தறியில் பெரிசாக நெய்வதில்லையா? அதேதான். துண்டுகளையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக வைத்தேன். நகல் தயாராக ஒரு காபி குடிக்கிற நேரம் பிடித்தது. ஓடவிட்டேன். படம் லேசாக மங்கல். ஆனால் நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது, நடுவில் எங்கேயும் தொலையவில்லை. வெட்ட நினைத்த இடத்தில் வெட்டு விழுந்தது. நான் மூக்கைத் துடைத்த இடத்தை எடுத்தேன். பூனையை விட்டுவைத்தேன்.

என் கை நடுங்கவே இல்லை. அந்தப் பெரிய வீடியோவைப் பழைய கம்ப்யூட்டரால் நிற்காமல் ஓட்டிக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.