பொன்னுத்துரையின் கம்பளி மெஷின்

மனிதர்கள் மேல் பொன்னுத்துரைக்கு இருந்த மரியாதை மிக்ஸிகளால்தான் போனது. குன்னூர் மார்க்கெட்டில் இடுக்கான ஒரு கடை. மிக்ஸி, கிரைண்டர், வேக்குவம் கிளீனர் எல்லாம் அங்கே ரிப்பேருக்கு வரும். வெளிப்பக்கம் பளபளவென்று துடைத்துத்தான் கொண்டு வருவார்கள். அடித்தட்டைக் கழற்றினால், கருமம், காய்ந்த சட்னிக்குள் கரப்பான்பூச்சி குடும்பத்தோடு செத்துக் கிடக்கும். "இதுல அரைச்சதத்தான் திங்கறாங்க. சீ!" என்பார்.

வந்ததைச் சரிசெய்து கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளில்லை அவர். ஆடி மாசம் துணி காயாத ஊர் இது. பீரோவுக்குள் குண்டு பல்பை எரியவிட்டாலும் பட்டுப்புடவையில் பூஞ்சணம் பிடிக்கும். ஓடாத ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, அதற்குள் ஃபேனும் ஹேர் டிரையரும் பொருத்தி, துணி காயவைக்கிற பெட்டியாக்கினார். மழைக்காலத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்மைத் தூக்கிக்கொண்டு தெருவே வந்து நின்றது.

ஆனால் கம்பளி மெஷினை அவர் செய்தது ஊருக்காக இல்லை, மனைவி சசிரேகாவின் நெஞ்சுக்காக.

சசிரேகா மேல்ரோட்டு லாட்ஜ் ஒன்றில் ரூம் சுத்தம் செய்கிறாள். அந்த லாட்ஜின் கம்பளிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பங்குனி வெயிலில் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை துவைப்பார்கள், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் ஒருத்தன் எச்சில் ஒழுகத் தூங்கி எழுந்த கம்பளியை அடுத்தவன் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொள்வான். பஜ்ஜி எண்ணெய், பிள்ளை கக்கின பால், யார் யாருடைய மயிரோ, எல்லாம் அதில்தான். நடுவில் சசிரேகா மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்த் தடியால் அடிப்பாள். அந்தத் தூசெல்லாம் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. படியேறினால் வீசிங் வந்து மூச்சு சீழ்க்கை அடித்தது. தூசு ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வேலை என்றால் எஸ்டேட்டில் மழையில் நனைந்து கொழுந்து பறிக்க வேண்டும். அது இன்னும் மோசம்.

பொன்னுத்துரை ஒரு தண்ணீர் கேனை எடுத்தார். மேலே மோட்டார், பக்கத்தில் பழைய வேக்குவம் கிளீனர் குழாய், உள்ளே பாதிக்குத் தண்ணீர். கம்பளியில் குழாயை வைத்தால் தூசு உறிஞ்சப்பட்டுத் தண்ணீரில் விழும், ஒரு பொடிகூட வெளியே வராது. முதல் கேன் உறிஞ்சின வேகத்தில் தானே நசுங்கிப்போனது. உள்ளே கம்பி வளையம் கொடுத்து அடுத்த கேனை நிமிர்த்தி நிற்கவைத்தார்.

லாட்ஜில் ஓட்டிக் காட்டினபோது ஒரே கம்பளிக்குத் தண்ணீர் சாக்கடைக் கறுப்பாகிவிட்டது. மயிர்ச்சுருள் மிதந்தது, வெட்டின நகம், ரத்தம் காய்ந்த பிளாஸ்டர். மேனேஜர் நல்லசாமி கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா? அழுக்கு கண்ணுல தெரியணுமுங்க. தெரிஞ்சாத்தான் துவைக்கத் தோணும்," என்றார் பொன்னுத்துரை. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற அந்தப் பிளாஸ்டிக் கேனில்தான் அவருடைய பெருமையெல்லாம் இருந்தது.

ஒரு மாசம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு நல்லசாமி கடைக்கே வந்தார். "ஏனுங்க பொன்னுத்துரை, கஸ்டமர் அம்மா ஒருத்தங்க அந்தக் கேனப் பாத்துட்டு வராந்தாவுலயே வாந்தி எடுத்துட்டாங்க. குடும்பத்தோட ரூமக் காலி பண்ணிட்டாங்க. கேனுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சுக் குடுத்துருங்க."

"கம்பளியத் துவைங்க. பெயிண்ட் எதுக்குங்க?"

"இந்தப் பனியில எங்கீங்க காயும்?"

"அழுக்க மறைக்கறதுக்கா நான் மெஷின் செஞ்சேன்? அந்தக் கம்பளியில நீங்க ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க!" மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. நல்லசாமி விறுவிறுவென்று மேல்ரோட்டுக்கு ஏறிப்போனார்.

பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் பொன்னுத்துரை. "நல்லாக் கேட்டீங்க," என்றாள் சசிரேகா. மெஷின் ஓடுதா என்று அவர் கேட்கும்போதெல்லாம், "ஓடுதுங்க," என்பாள்.

ஆனால் அவள் மூச்சு மட்டும் சரியாகவில்லை. குழாயில் ஓட்டை விழுந்திருக்கும் என்று நினைத்து, புதுக் குழாயோடு லாட்ஜுக்குப் போனார். மாடிப்படி முக்கில், மாப் குச்சிகளுக்கும் வாளிகளுக்கும் அடியில் மெஷின் கிடந்தது. மேலே தொப்புத் தொப்பென்று சத்தம்.

மொட்டை மாடியில் சசிரேகா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கம்பளியை அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு அடி, அப்புறம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமல். மறுபடி அடி.

"எத்தன நாளா இது?"

"மேனேஜர் கடைக்கு வந்துட்டுப் போன அன்னைக்கிருந்துங்க. மெஷினத் தொடவே கூடாதுன்னுட்டாருங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருந்தீங்க. எப்படீங்க சொல்றது?"

பொன்னுத்துரை அவள் கையிலிருந்து தடியைப் பிடுங்கிக் கீழே போட்டார். அவருக்கு அருவருப்பு வந்தது கம்பளியால் இல்லை, நல்லசாமியால்கூட இல்லை. இவள் இங்கே தூசைத் தின்றுகொண்டிருந்தபோது, அங்கே மார்க்கெட்டில் சிரித்துக்கொண்டு நின்ற தன் மூஞ்சியை நினைத்துத்தான். சீ, என்ன ஜென்மம் என்று இருந்தது.

கீழே போய்க் கறுப்பு பெயிண்ட் வாங்கிவந்தார். கேனில் ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் அவரே அடித்தார். பிரஷைப் பிடித்த கையே அவருக்கு அருவருப்பாக இருந்தது. "இத அப்பவே செஞ்சிருக்கலாமுங்க," என்றார் நல்லசாமி. பொன்னுத்துரை பிரஷை மறுபடி பெயிண்டில் முக்கினார்.

பெயிண்ட் காய்ந்ததும் சசிரேகா மெஷினை ஓட்டினாள். கம்பளிகள் முடிந்ததும் கேனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அந்நேரம் புதிதாக ஒரு குடும்பம் பெட்டிகளோடு படியேறி வந்தது.

"அங்க வேண்டாம் புள்ள," என்றார் பொன்னுத்துரை தாழ்ந்த குரலில். "பின்னாடி கொண்டுபோயி ஊத்து. யாரும் பாக்க வேண்டாம்."

வந்த அம்மாள் ரூமுக்குள் எட்டிக் கட்டிலைப் பார்த்தாள். பொன்னுத்துரையை லாட்ஜ் ஆள் என்று நினைத்துவிட்டாள். "கம்பளி எல்லாம் சுத்தமா இருக்குமாங்க?" என்று கேட்டாள்.

சசிரேகா இருமாமல் படியிறங்குவது அவர் காதில் விழுந்தது.

"சுத்தமா இருக்குமுங்க," என்றார்.