அச்சி காக்காவின் சஹன்

கத்தி செவுளுக்குள் இறங்கும்போதே அச்சிமுகம்மதுவின் இடக்கை குடலை உருவிப் பின்னால் வீசிவிடும். திரும்பிப் பார்ப்பதில்லை. அலுமினியச் சஹனில் அது ‘சளக்’கென்று விழும். கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் அகன்ற தட்டு அது. விளிம்பு நசுங்கியதால் சந்தைப் பூனைகளுக்கு வந்தது.

“தனித்தனியப் போட்டாச் சண்டை புடிக்கும். ஒரே சஹனெண்டா ஒற்றுமை” என்பார்.

அட்டாளைச்சேனைச் சந்தையில் இருபத்தாறு வருடமாக மீன் வெட்டுகிறார்; ஊருக்கு அவர் அச்சி காக்கா, அதாவது அச்சி அண்ணன். நெத்தலி வெட்டமாட்டார். “அதுக்கெல்லாம் கத்தி எடுக்கிறது வெக்கம் தம்பி.” பூனைகள் எல்லாவற்றுக்கும் உத்தியோகம் கொடுத்திருந்தார். மூக்கில் கறுப்புள்ளது கிளாக்கர், நொண்டுவது சேர்மன். நாய் உரசினால் ஏழு தரம் கழுவுகிற மனிதர், ஒரு பூனையின் வாயைத் துடைத்த விரலாலேயே அடுத்த பூனைக்கு ஊட்டுவார். பூனை சுத்தமானது, கழுவ என்ன இருக்கிறது?

சென்ற மாதம் பத்து நாளில் ஒன்பது பூனைகள் செத்தன. மஞ்சளாக நுரை கக்கும். தண்ணீர்ச் சிரட்டைக்கு மேல் தலையைத் தொங்கவிட்டு, குடிக்க முடியாமல் அப்படியே நிற்கும். காலையில் விறைத்துக் கிடக்கும்.

என்ன நோய் என்று எவரும் கேட்கவில்லை. யார் என்றுதான் கேட்டார்கள். ஆலையடிவேம்பிலிருந்து பாரை மீன் கொண்டுவரும் பிரசாந், விற்காமல் மிஞ்சியதைப் போகும்போது சஹனில் போட்டுவிட்டுப் போவான். முஸ்லிம்களின் அந்தச் சந்தையில் தமிழ் ஆள் அவன் ஒருவன்தான். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

“நஞ்சு வெச்சிட்டான். வெள்ளிக்கிழமையோட அவண்ட பலகைய எடுக்கோணும்” என்றான் பக்கத்துப் பலகையில் மீன் விற்கும் நளீம்.

வியாழக்கிழமை அச்சிமுகம்மது வேலையை விட்டுவிட்டு, நுரை கக்கத் தொடங்கிய கிளாக்கரை மீன் பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே அது செத்தது. வைத்தியர் சொன்னது மட்டும் அவரோடு ஊர் வந்து சேர்ந்தது.

மறுநாள் விடிய, பிரசாந்தின் பலகையைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். அவன் தராசின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“நஞ்சில்ல நளீம். வைரசு. பூனைக்குப் பூனை தொத்துற வருத்தம். மனிசருக்கு வராது” என்றார் அச்சிமுகம்மது.

“அப்ப அது எங்கால வந்த? அவண்ட கூடையிலதானே?”

“எங்கால வந்ததெண்டு தெரியா. எல்லாத்துக்கும் பரப்பினது ஆரெண்டு தெரியும்.” இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். “இந்தக் கை. அந்தச் சஹன். வருத்தக்காரப் பூனைக்குக் கஞ்சி ஊட்டிட்டு, கழுவாம மத்தத்தத் தொட்டது நான். பலகை எடுக்கிறெண்டா என்ட பலகைய எடுங்க.”

“காக்காக்கு வயசு பெய்த்து, மூளை குழம்பிட்டு” என்றது ஒரு குரல். எவரும் சிரிக்கவில்லை.

“பெரிய டொக்டர் வந்திட்டாரு” என்று முணுமுணுத்தபடி நளீம் தன் மீனுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனான். மற்றவர்களும் பிரசாந்தின் முகத்தைப் பார்க்காமல் தங்கள் பலகைகளுக்குக் கலைந்தார்கள்.

“தராசத் திருப்பிக் கட்டு மனே. பாரை நாறப்போகுது” என்றார் அச்சிமுகம்மது.

“ஓம் காக்கா” என்றான் பிரசாந். முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

இப்போது சஹன் குளோரின் தண்ணீரில் கழுவப்பட்டுத் தகரக் கூரையில் கவிழ்ந்து கிடக்கிறது. குடல்கள் மூடி போட்ட வாளிக்குப் போகின்றன. கிளாக்கரின் குட்டி ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதற்குத் தூரத்தில் தனிச் சிரட்டை; அதில் இருப்பதைத் தின்றுவிட்டு, சஹன் கிடந்த இடத்துக்கே வந்து கத்துகிறது.

நேற்று அவர் சூரை வெட்டிக்கொண்டிருந்தார். குட்டி வந்து சாரத்தில் உரசியது. இடக்கை தானாகக் கீழே இறங்கி, அதன் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. கத்தியைக் கீழே வைத்தார். “கெதியா வெட்டுங்க காக்கா” என்றாள் மீன் வாங்க வந்தவள். அவர் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு, குட்டி போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.